இச்சாப்பூர் ரைஃபிளும் குண்டின் எடையும்

ரைஃபிள் குண்டு எவ்வளவு தொலைவு நேர்சீராகப் போகும் என்பது எடையும் விட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்துவதைப் பொறுத்தது. விட்டம் ஒன்றாக இருந்தால் கனமான குண்டு நீளமாகவும் இருக்கும். காற்று மோதும் முகப்பு அதே அளவுதான், அதற்குப் பின்னால் உள்ள எடை அதிகம். அதனால் வேகம் மெதுவாகவே குறையும். பக்கக் காற்றில் விலகலும் குறைவு. ஆனால் புறப்படும் வேகம் குறைந்து, தோளில் உதை கூடும்.

கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையில் உள்ள இச்சாப்பூரில் இந்தக் கணக்கை நூறாண்டுக்கும் மேலாக எஃகில் போட்டுவருகிறார்கள். 1787-இல் வெடிமருந்து ஆலை வந்த ஊர் அது. 1904-இல் ரைஃபிள் தொழிற்சாலை ஆனது. அங்கே நெடுங்காலம் செய்யப்பட்ட 303 ரைஃபிளின் தோட்டா வரலாறே ஒரு நல்ல பாடம். தொடக்கத்தில் அதன் குண்டு 215 கிரெயின் (சுமார் 14 கிராம்), மொண்ணை மூக்கு, நொடிக்கு 600 மீட்டர் வேகம். கனம் இருந்தும் அதன் பாதை வளைந்தே போனது. தூரத்தைச் சற்றுத் தவறாகக் கணித்தாலும் குறி தப்பும். 1910-இல் வந்த மார்க் 7 குண்டின் எடை 174 கிரெயின்தான்; மூக்கு கூர்மையானது, வேகம் சுமார் 740 மீட்டர். எடையைக் குறைத்து வடிவத்தைத் திருத்தியதில் பாதை நேரானது.

இந்த இரு குண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் தம்தம் என்ற ஊர் வருகிறது. அங்கிருந்த ஆயுதச் சாலையில் 1890-களில் கேப்டன் பெர்ட்டி-கிளே மேலுறையின் நுனியைக் குறைத்து, ஈயம் வெளியே தெரியும்படி குண்டு செய்தார். உடலில் பட்டதும் விரிந்து கொடுங்காயம் உண்டாக்கிய அந்தக் குண்டைப் போரில் பயன்படுத்துவதை 1899-இன் ஹேக் பிரகடனம் தடைசெய்தது. தடை வந்தது சரியே.

குண்டு நீளமானால் அதைச் சுழற்றி நிலைநிறுத்தக் குழலின் உட்புரி நெருக்கமாக வேண்டும். 303-இல் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. புரி போதாத குழலில் நீண்ட குண்டைப் போட்டால் அது தள்ளாடும்; எடை தந்த அனுகூலம் போய்விடும். ஆகவே குண்டைத் தேர்வதற்கு முன் குழலைப் பார்க்க வேண்டும். குழல் செய்யும் தொழிலில் மரபாக மிக நுட்பமானது நேராக்கும் வேலை. தொழிலாளி குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உட்சுவரில் விழும் நிழல் கோட்டைப் பார்ப்பார். கோடு எங்கே நெளிகிறதோ அங்கே திருகு அழுத்தியில் வைத்துச் சிறிது அழுத்துவார், மறுபடி பார்ப்பார். பல ஆண்டுப் பழக்கத்தில் வரும் கண் அது. தோட்டா அட்டவணைகளில் அந்தக் கைக்கு இடமில்லை என்பது வருத்தமே.

1962 இந்திய-சீனப் போருக்குப் பின் இச்சாப்பூர் அதே ரைஃபிள் அமைப்பை 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு மாற்றி 2ஏ, 2ஏ1 ரகங்களைச் செய்தது. அந்தத் தோட்டாவின் வழக்கமான குண்டு 147 கிரெயின் அளவு. வேகம் 800 மீட்டருக்கு மேல். அழுத்தமும் கூடியதால் எஃகையும் மாற்ற வேண்டியிருந்தது. 2ஏ-வின் குறிப்பார்வை 2000 வரை கோடிடப்பட்டிருந்தது. 2ஏ1-இல் அது 800-ஆகக் குறைந்தது. உண்மையில் சுடப்படும் தூரத்துக்கு ஏற்ற முடிவு அது.

ராணுவ அளவுத் தோட்டாக்கள் பொதுமக்களுக்குத் தடைப்பட்டிருப்பதால், உரிமம் உள்ளவர்களுக்கு 315 ரைஃபிள் உண்டு. மத்திய கொல்கத்தாவின் பழைய துப்பாக்கிக் கடைகளில் அந்தத் தோட்டாவைப் பார்க்கலாம்: விளிம்பு வைத்த பித்தளைக் கூடு, மழுங்கிய மூக்கு, நுனியில் ஈயம். குண்டு 244 கிரெயின். விட்டத்துக்கு நல்ல எடைதான். ஆனால் அந்த மூக்கு காற்றை அப்படியே எதிர்க்கிறது, வேகமும் குறைவு. கிட்டத்து வேட்டைக்கென்று அமைந்த தோட்டா அது. தொலைவுக் குறிக்கு ஏற்றதல்ல.

கொல்கத்தாவின் புழுக்கம் குண்டைத் தடுக்கும் என்று நினைப்பது தவறு. நீராவி உலர்காற்றைவிட லேசானது. ஈரக் காற்று சற்றே குறைவாகத்தான் எதிர்க்கும். பெரிய வித்தியாசம் தருவது உயரம். கடல்மட்டத்தை ஒட்டிய இந்த நகரில் காற்றின் அடர்த்தி அதிகம். மலைமேல் உள்ள டார்ஜிலிங்கில் அதே குண்டு குறைவாகவே தாழும்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் கொல்கத்தாவின் ஜாய்தீப் கர்மாகர் நான்காம் இடம் பெற்ற 50 மீட்டர் படுக்கைநிலைப் போட்டியில் விட்டமும் எடையும் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றே: 22 காலிபர், 40 கிரெயின். வேகத்தை ஒலிக்குக் கீழேயே வைப்பார்கள். ஒலிவேகத்தைத் தாண்டிப் போன குண்டு மீண்டும் அதற்குக் கீழே இறங்கும்போது நிலைகுலையும். அங்கே தேர்வு என்பது தயாரிப்புத் தொகுதியைத் தேர்வதுதான். ரைஃபிளைப் பிடிப்பானில் இறுக்கி ஒவ்வொரு தொகுதியையும் சுட்டு, துளைகள் நெருங்கி விழுவதை வாங்குவார்கள். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ.; அதற்குள் எந்தத் தொகுதி அடங்குகிறதோ அதுதான் அந்தக் குழலுக்குரிய தோட்டா.