ரசீது இல்லாத இரை

கடந்த ஆண்டு, திருப்பதி ஸ்ரீ வெங்கடேசுவரா உயிரியல் பூங்காவில் ஓர் ஓநாயின் ஒரு மாத உணவுச் செலவை ஏற்று ரசீது பெற்றேன். ஆய்வு உதவித்தொகையின் நிலுவை மொத்தமாக வந்த மாதம் அது, இல்லையெனில் துணிந்திருக்கமாட்டேன். தொலைபேசியில் செய்தி கேட்ட அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “உங்க தாத்தா இருந்திருந்தா என்னம்மா சொல்லியிருப்பாரு?” என்றார்.

தாத்தா சித்தூர் மாவட்டத்துப் பலமனேர்ப் பக்கம் ஆடு மேய்த்தவர். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அங்கேயே படுத்தவர். வீட்டில் பேசியது தமிழ்தான் என்றாலும் ஓநாயை ‘தோடேலு’ என்று தெலுங்கிலேயே சொல்வோம். ஒரு மார்கழியில் நான்கு குட்டிகளைப் பறிகொடுத்த தாத்தா, பாறையிடுக்கில் ஓநாய் ஈன்றிருந்த வளையைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் வாயில் சருகைக் குவித்துப் புகைபோட்டார். வாயை அடைக்கக் கல் எடுத்துக் கொடுத்தவர் அப்போது பத்து வயதாயிருந்த அப்பா. உள்ளிருந்து வந்த முனகல் எப்போது நின்றது என்பதை அவர் இதுவரை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இதைக் கொடுமை என்று எழுதிவிடுவது எனக்கு எளிது. இழந்தது என் ஆடு இல்லையே. தாத்தாவுக்கு முன்பே அரசாங்கம் இதை வெகுமதி கொடுத்துச் செய்வித்திருக்கிறது. 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 2 லட்சம் ஓநாய்கள் கொல்லப்பட்டதாக வரலாற்றறிஞர் மகேஷ் ரங்கராஜன் குறிப்பிடுகிறார். இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ மூவாயிரம் என்பது மதிப்பீடு. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் புலிகள் 3,682. எனினும் புலிக்குக் கிடைக்கும் பரிவில் சிறு பங்குகூட ஓநாய்க்குக் கிடைப்பதில்லை. வண்டலூரில் நடிகர் சிவகார்த்திகேயன் ஒரு வெள்ளைப் புலியைத் தத்தெடுத்தபோது செய்தித்தாள்கள் படத்துடன் வெளியிட்டன. ஓநாய்க்கு அப்படியொரு படம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓநாய் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் சரணாலயங்களுக்கு வெளியே, புதர்க்காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலுமே வாழ்கிறது. அங்கே மான் குறையக் குறைய அதன் இரை ஆடுதான். அந்த ஆடு ஒருவருடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். சேஷாசல மலையடிவாரத்தில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்த இடம். முழங்கால் வலியோடு மெல்ல நடந்து வந்தார். ஓநாய் வேலியோரமாக ஒரே தடத்தில் போவதும் வருவதுமாக இருந்தது. அது நடந்து நடந்து மண் வழுவழுப்பாகியிருந்தது. ஊனுண்ணிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் உணவு கொடுக்கமாட்டார்கள், செரிமானத்துக்காக என்று விளக்கினேன். “அங்க அதுக்கு வாரத்துல ஒரு நாள் கிடைச்சாலே பெரிசு” என்றார். வெகு நேரம் நின்றார். அது ஒருமுறை நின்று எங்களைப் பார்த்தபோது அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

திரும்பும் பேருந்தில்தான் சொன்னார். சென்ற வாரம் சித்தப்பாவின் பட்டியில் இரண்டு குட்டிகள் போயினவாம். புகார் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்கும் வழக்கமும் எங்கள் ஊரில் இல்லை. “நீ பணம் கட்டுறது ஒண்ணுக்கு. அவன் சோறு போடுறது எத்தனைக்கோ.”

என் ரசீதில் தேதி, தொகை, என் பெயர், விலங்கின் பெயர் எல்லாம் இருந்தன. பல்கலைக்கழக நண்பர்களுக்கு அதைப் பெருமையாகக் காட்டியுமிருந்தேன். சித்தப்பாவிடம் அப்படி எந்தத் தாளும் இல்லை. திறந்தவெளி ஓநாய்களைப் பல தலைமுறைகளாக உண்மையில் வளர்த்துவந்தவர்கள் இடையர்களே என்பதை, காட்டுயிர் பற்றிய கட்டுரைகளைப் படிக்கும் எனக்கு அப்பா சொல்ல வேண்டியிருந்தது.

இந்த ஆண்டு பூங்காவுக்கு அனுப்பியது பாதித்தொகை. மறுபாதியைச் சித்தப்பாவுக்கு அனுப்பினேன். முதலில் கோபித்துக்கொண்டார், இரண்டு நாள் கழித்து, பட்டியின் முள்வேலியை எடுத்துவிட்டுக் கம்பிவலை கட்டியதாகச் சொன்னார். வலை ஆளுயரம் வருகிறதாம். இரவில் அதைச் சுற்றிச் சுற்றி வந்த கால்தடங்களை மறுநாள் காலையில் பார்த்தாராம்.