வாக்காச்சினாவின் மணற்சறுக்கு

பனிமலைச் சரிவில் சறுக்கி விளையாடுவதை நம் அன்பர்கள் பலர் அறிந்திருப்பர். மணற்குன்றில் பலகை கொண்டு சறுக்குவதும் அத்தகையதொரு வீர விளையாட்டே. இதனை ஆடுவதற்கென்றே உலகப் பயணிகள் நாடிச் செல்லும் ஊர்களுள் ஒன்று, தென் அமெரிக்காவில் பெரு நாட்டிலுள்ள வாக்காச்சினா.

தலைநகரான லிமாவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பஸ்ஸில் சென்று ஈக்கா நகரை அடைந்தோம். அங்கிருந்து வாக்காச்சினா 5 கிலோமீட்டர் தொலைவே. கடல் அண்மையில் இருந்தும் இங்கே மழை மிக அரிது. கரையோரமாக ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் மழை மேகம் திரள விடுவதில்லை. கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை ஆண்டீஸ் மலைத்தொடர் மறித்து விடுகிறது. ஆதலின் எங்கு நோக்கினும் மணலே. அதன் நடுவே, மரங்கள் சூழ்ந்த சிறியதோர் ஏரி.

வேடன் ஒருவனைக் கண்டு அஞ்சி ஓடிய கன்னி நழுவவிட்ட கண்ணாடியே இவ்வேரி என்றும், காற்றில் விரிந்த அவள் மேலாடையின் மடிப்புகளே மணற்குன்றுகள் என்றும் அங்கே ஒரு கதை வழங்குகிறது.

நண்பகலில் மணல் காலைச் சுடும். ஆகவே வெயில் தாழ்ந்தபின் குன்றேறினோம். உச்சிவரை ஏற்றிச் செல்ல மோட்டார் வண்டிகள் உண்டு; எனினும் நடந்தே ஏறினோம். ஓரடி வைத்தால் அரையடி பின்வாங்குகிறது. காற்று வீசும் பக்கம் சரிவு மெல்லியது, மறுபக்கமோ செங்குத்தானது. உலர்ந்த மணல் ஏறக்குறைய 34 பாகைக்கு மேற்பட்ட சரிவில் நில்லாமல் உதிர்ந்துவிடும். அந்த எல்லையை ஒட்டிய சரிவிலேதான் சறுக்குகின்றனர்.

வழிகாட்டி பலகையின் அடியில் மெழுகு தேய்த்துக் கொடுத்தார். மெழுகின்றேல் பலகை எளிதில் வழுக்காது. புதியவர்கள் குப்புறப் படுத்துச் செல்வதே நலம். முழங்கைகளை ஒடுக்கி, வாயை மூடிக்கொண்டு, வேகம் மிகும்போது கால்களை மணலில் ஊன்ற வேண்டும். தேர்ந்தவர்கள் பாதங்களை வாரால் பிணைத்து, நின்றபடியே வளைந்து வளைந்து இறங்குகின்றனர். ஏரிக்கரையில் பனைமட்டை மீதமர்ந்து சறுக்கிய அன்பர்களுக்கு இந்த இன்பத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாங்கள் ஏறக் கால்மணி நேரம் ஆயிற்று. இறங்க அரை நிமிடமும் ஆகவில்லை!

உச்சியிலிருந்து பார்க்கையில் ஏரி உள்ளங்கையளவே தோன்றுகிறது. பெரு நாட்டின் பழைய 50 சோல் நோட்டில் இடம்பெற்ற பெருமை அதற்கு உண்டு. இயற்கை ஊற்றால் நிறைந்திருந்த அந்த ஏரி, சுற்றுப்புறத்து வயல்களுக்கும் வீடுகளுக்கும் கிணறுகள் நீரை இறைத்தமையால் தாழ்ந்து போயிற்று. வற்றிவிடாதிருக்க இப்போது வேறிடத்து நீரைக் கொணர்ந்து விடுகின்றனர். ஏரி மறைந்தாலும் மணல் இருக்கும்; சறுக்கலாம். ஆனால் அந்த ஊர் இராது.

செல்லும் அன்பர்கள் துணிவோடு சறுக்குக. விடுதிக்குத் திரும்பியபின், மேனியில் ஒட்டிய மணலை முதலில் உதறிவிட்டு, நீரைச் சிக்கனமாகச் செலவிடுக.