திதி பார்த்து நடக்கும் கடைத்தெரு

ஆவடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது ராணுவ டாங்கி. கொஞ்சம் வயதானவர்கள் 1955 ஜனவரியில் இங்கே நடந்த காங்கிரஸ் மாநாட்டையும், அதில் நிறைவேறிய சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானத்தையும் சொல்வார்கள். 1960-களில் டாங்கி செய்யும் எச்.வி.எஃப்., ராணுவ உடை தைக்கும் ஓ.சி.எஃப். என்று தொழிற்சாலைகள் வந்தன. விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். முகாம்களும் சேர, பல மாநிலத்துக் குடும்பங்கள் இங்கே குடியேறின. 2019-இல் ஊர் மாநகராட்சியும் ஆனது.

கடைத்தெருக்காரர்களுக்கு இந்த வரலாற்றைவிட நாள்காட்டிதான் முக்கியம். கோயம்பேட்டு விலை மட்டும் தெரிந்தால் போதாது, திதியும் தெரிய வேண்டும். அமாவாசையன்று வாழைக்காயும் அகத்திக்கீரையும் பூசணிப் பத்தையும் கடையின் முன்வரிசைக்கு வந்துவிடும்.

"அண்ணே, பத்தை பெருசா இருக்கு, பாதியா நறுக்கிக் குடுங்க."

"மீதிய யாரும்மா வாங்குவா? நாளைக்கு இது போணியாவாது."

அவர் சொல்வது நியாயம்தான். மறுநாள் பூசணியைக் கேட்க ஆளிருக்காது. அகத்திக்கீரை வாங்குகிற பலர் அதை அடுப்பில் ஏற்றுவதே இல்லை, கட்டோடு பசுவுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆடி ஞாயிறென்றால் அம்மன் கோயில் கூழுக்குக் கேழ்வரகு மாவு, சின்ன வெங்காயம், தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, கருவாடு. ஓணத்துக்கு மலையாளிகள் நேந்திரங்காய் தேடுவார்கள்.

புரட்டாசிதான் சுவாரசியம். பெருமாளுக்காகப் பல தமிழ், தெலுங்கு வீடுகளில் கவிச்சி கிடையாது; கறிக்கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். துர்கா பூஜை பெரும்பாலும் அந்த மாதத்தையொட்டியே வரும். வங்காளிக்கோ ரோகு மீனும் ஆட்டுக்கறியும் இல்லாமல் பூஜை விருந்து ருசிக்காது. ஒரே தெருவில் ஒரு வீட்டு விரதம், அடுத்த வீட்டு விருந்து.

தீபாவளியில் கதை தலைகீழ். தமிழர் வீடுகளில் விடியற்காலை எண்ணெய்க் குளியல் முடிந்ததும் இட்லிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு. வடக்கத்திக் குடும்பங்கள் பலவற்றில் அன்று சைவம், இரவில் லட்சுமி பூஜை, இனிப்பு. மளிகைக் கடைக்காரர் இரண்டு கணக்கையும் மனதில் வைத்துத்தான் சரக்கு எடுக்க வேண்டும்.

தேவைக்கேற்ப விலை என்பார்கள் பொருளாதாரம் படித்தவர்கள். அந்தத் தேவையைப் பூஜையறைகள் முடிவு செய்வதை இங்கே கண்ணால் பார்க்கலாம். காந்தி ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள் போன்ற சில நாட்களில் மட்டும் அரசாங்கமே கறிக்கடையை மூடச் சொல்கிறது; மற்ற நாட்களில் யார் உத்தரவும் தேவைப்படுவதில்லை.

ஆவடிக்குப் புதிதாகக் குடிவருபவர்களுக்கு ஒரு வார்த்தை: அமாவாசைக் காய்களை முந்தின நாள் சாயங்காலமே வாங்கிவிடுங்கள், விலையாவது கொஞ்சம் படியும்.