குளிரில் தூங்கும் அருகம்புல்... அரிசோனா மைதானத்தில் ஒரு அக்டோபர்!

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கிறது சாண்ட்லர் நகரம். இன்டெல் ஆலையை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே உண்டு. அக்கா வீட்டுக்கு நான் போனது அக்டோபரில். கால்பந்து விளையாட, தெருமுனைப் பூங்காவுக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள் எட்டு வயது அக்கா மகள். போனால், மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, 'விதைப்பு நடக்கிறது' என்று பலகை வைத்திருந்தார்கள். புல்லை மொட்டையடித்ததுபோல் வெட்டியிருந்தார்கள்.

"சித்தி, புல் செத்துப்போச்சா?" என்று அவள் முகம் வாடியது.

"சாகலடா, தூங்கப் போகுது" என்றார் மாமா.

அது நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான்! அங்கே அதற்கு பெர்முடா என்று பெயர். மைதானங்களில் பெரும்பாலும் இதன் கலப்பின ரகங்களை வளர்க்கிறார்கள். 40 டிகிரி வெயிலையும் தாங்கும், குளிர்தான் ஆகாது. மண்ணின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்கினால், பழுப்பாகித் தூங்கிவிடும். வேர் உயிரோடுதான் இருக்கும். ஆனால், தூங்கும் புல் மிதிபட்டால் மறுபடி வளர்ந்து மூடாது, மண் தெரிந்துவிடும். ஆட்டக்காரர்களுக்கு அடிபடும்.

அதனால், அதன் மேலேயே குளிரில் செழிக்கும் 'ரை' புல்லை விதைக்கிறார்கள். முதலில் தண்ணீரைக் குறைத்து, ஒட்ட வெட்டுகிறார்கள். பிறகு 1,000 சதுர அடிக்குச் சுமார் 10 பவுண்டு விதை. முளைக்கும்வரை தினமும் மூன்று, நான்கு முறை லேசாகத் தண்ணீர். ஒரே வாரத்தில் பச்சை மயிர் போல் முளை தெரிந்தது. "சித்தி, முழிச்சிடுச்சு!" என்று கத்தினாள் குட்டி.

இதே மாநிலத்தின் கிளெண்டேலில் 2023 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப்போட்டியின் புல்தரையும் இப்படித்தான். 'டஹோமா 31' என்ற பெர்முடா ரகத்தின் மேல் ரை விதைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் வழுக்கி விழுந்து, பாதியில் காலணி மாற்றியதை உலகமே பார்த்தது. பச்சையாகத் தெரிந்தால் மட்டும் போதாது. காலுக்குப் பிடிப்பும் வேண்டும்.

கோடையிலும் ஒரு சிக்கல். ரை சீக்கிரம் சாகாவிட்டால், அடியில் விழிக்கும் அருகம்புல்லுக்கு வெயில் கிடைக்காது. வருடத்தில் 100 நாட்களாவது அது தனியாக வளர வேண்டும் என்கிறார்கள். இல்லாவிட்டால் மெலிந்துபோகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, தண்ணீர். ஃபீனிக்ஸ் வட்டாரத்துக்கு வரும் தண்ணீரில் ஒரு பங்கு கொலராடோ ஆற்றினுடையது. அந்த ஆற்றில் முதன்முறையாகப் பற்றாக்குறை என்று அரசு அறிவித்தது 2021-ல். மறுவருடமே அரிசோனாவின் பங்கு குறைந்தது.

மாமா கார் ஷெட்டில் ஒரு மூட்டை ரை விதை வாங்கி வைத்திருந்தார். "குழந்தைங்க ஓடுற மைதானத்துக்கு விதைக்கட்டும். நாம ஜன்னல்ல இருந்து பார்க்குறதுக்கு எதுக்குங்க?" என்றாள் அக்கா. மாமா பதில் சொல்லவில்லை. மறுநாள் மூட்டை கடைக்குத் திரும்பியது.

ஜனவரியில் அக்கா வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினாள். ஒன்றில், பச்சைப் பசேல் மைதானத்தில் குட்டி பந்தை உதைக்கிறாள். இன்னொன்றில், அவர்கள் வீட்டுப் பழுப்புப் புல்தரை. அதன் நடுவே குட்டி எழுதி வைத்த அட்டை: 'தூங்குது, எழுப்பாதீங்க!'