குழி தோண்டிப் பார்த்த ஒரு மாதம்

மே 14
நேற்றிரவு நல்ல கோடை மழை. காலையில் மாமா கேட்டார்: "ஏனம்மிணி, மழை பேஞ்சிருச்சு. கோகோ நாத்துக்குச் சொல்லிரலாமா?" நான்கு ஏக்கருக்கும் சேர்த்து 800 நாற்று என்பது அவர் கணக்கு. தென்னைக்கு ஊடே ஏக்கருக்கு 200 செடி வைக்கலாம், கணக்கில் தப்பில்லை. மண்ணைத்தான் இன்னும் யாரும் பார்க்கவில்லை. குழி தோண்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் மாமா என்றேன்.

முப்பது வருடம் நிற்கிற மரம் கோகோ. எந்த மண்ணிலும் வரும் என்று நாற்று விற்றவர் சொன்னதை நம்பி எங்கள் சித்தப்பா வைத்தார். மூன்றாம் வருடமே இலையெல்லாம் வெளிறிப்போனது. அதைப் பிடுங்கின அன்று சித்தி அழுதது எனக்கு மறக்கவில்லை.

மே 15
மேட்டுத் தோப்பில் முதல் குழி. மேலே ஒன்றரை அடிக்கு அருமையான செம்மண், நல்ல ஈரம். மாமாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. இரண்டாம் அடியில் கடப்பாரை இறங்க மறுத்தது. வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் வந்தன. ஒன்றைக் கழுவி அதன்மேல் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். பொரிந்து நுரைத்தது. சுண்ணாம்புதான். மாமா அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

கோகோவுக்குத் தீனி எடுக்கும் வேர்கள் மேல்மண்ணில்தான் பரவும். ஆனால் ஆணிவேர் இறங்க ஐந்தடி மண்ணாவது வேண்டும். சுண்ணாம்பு மிகுந்தால் இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. கொழுந்தில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, மீதி மஞ்சளாகிவிடும். சித்தப்பா தோட்டத்தில் நான் கண்டது அதேதான்.

மே 16
பள்ளத் தோப்பு, ஒன்றரை ஏக்கர். ஐந்தடி தோண்டியும் கல் தட்டவில்லை. மணல் கலந்த வண்டல், பிடித்தால் உருண்டை நிற்கிறது, விரலால் அழுத்தினால் உதிர்கிறது. பள்ளமாயிற்றே, தண்ணீர் தேங்குமோ என்றுதான் பயம். கோகோ வேர் நீர் தேங்கினால் மூச்சுமுட்டிப் போகும். சாயங்காலம் குழியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் விட்டேன்.

மே 17
விடிந்ததும் ஓடிப் போய்ப் பார்த்தேன். குழியில் ஈரம் மட்டும் இருந்தது. எத்தனை நிம்மதி!

இரண்டு குழியிலும் ஓரடி, இரண்டடி, மூன்றடி ஆழத்து மண்ணைப் பரிசோதனைக்குத் தனித்தனிப் பையில் எடுத்தோம். மரப்பயிருக்கு மேல்மண் மட்டும் போதாது. கிணற்றுத் தண்ணீரும் ஒரு பாட்டில்.

மே 20
உச்சி வெயிலில் தோப்புக்குள் நின்று நிழல் பார்த்தேன். பள்ளத்துத் தென்னைக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. மட்டை உயரத்தில் இருப்பதால் தரையில் பாதி வெயில், பாதி நிழல். கோகோ கேட்பது அதைத்தான். மேட்டு மரங்களுக்குப் பன்னிரண்டு வயது. அடியில் ஒரே இருட்டு.

ஜூன் 5
பரிசோதனை முடிவு வந்தது. கார அமில நிலை மேட்டில் 8.4, பள்ளத்தில் 6.8. ஐந்திலிருந்து ஏழரை வரை கோகோவுக்கு ஆகும். தண்ணீரில் உப்பு குறைவு.

கோகோ வருடத்துக்கு 1500 மில்லிமீட்டருக்குக் குறையாமல், பரவலான மழை கேட்கும். இந்தியாவில் 1798-ல் முதலில் நட்டதே குற்றாலத்தில்தான். சாரல் விழும் அந்த ஊர் வேறு, எங்கள் ஊர் வேறு. தை பிறந்தால் சித்திரை வரை இங்கே வறட்சிதான். கோடையில் செடிக்கு நாளைக்கு 20 லிட்டர் என்றால் 300 செடிக்கு 6000 லிட்டர். தென்னைக்குப் போக அவ்வளவுதான் எங்கள் கிணறு தரும்.

ஜூன் 12
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டது. மேட்டில் வாழை இலை நார்நாராகக் கிழிந்து கிடக்கிறது. கோகோ இலையும் அகலமானது, இந்தக் காற்றுக்குத் தாங்காது. பள்ளத்தில் மேற்கு வேலியோரத் தேக்கு வரிசை காற்றைத் தடுக்கிறது.

ஜூன் 14
மாமாவே சொல்லிவிட்டார்: "மேட்டுல வேண்டாங்கண்ணு." பள்ளத்துக்கு மட்டும் 300 நாற்று, காற்று அடங்கியபின் புரட்டாசியில் நடவு. முன்பணம் கொடுத்தாயிற்று. மேட்டுக் குழியை இன்னும் மூடவில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் கோகோ வைக்கப் போகிறாராம். நாளைக் காலை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.