திருக்கோவில் வழியிலே ஒரு மலிவுப் பாடம்

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் திருக்கோவில் செல்வது எமது குடும்பத்தில் ஆண்டுதோறும் தவறாத வழக்கம். கல்முனையிலிருந்து தெற்கே புறப்பட்டால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் மாலைபோல் கோத்து வரும். ஒருபுறம் வயல், மறுபுறம் கடல். பள்ளிவாசல் மினாராவும் கோயிற் கோபுரமும் மாறி மாறிக் கண்ணிற் படும். இவ்வழியில் எம்மை ஏற்றிச் செல்வது தந்தையார் விட்டுச் சென்ற மொறிஸ் மைனர் கார்.

1948 இல் இங்கிலாந்தில் வெளிவந்த இக்காரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். 1971 இல் உற்பத்தி நிற்கும் முன்னர் பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டவை விற்பனையாயின. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய காலத்தில், இருப்பதைப் பேணும் கலையை எம் நாட்டார் நன்கு கற்றனர். 1990 களில் காலியில் கையால் அடித்து உருவாக்கப்பட்ட மைனர் தகடுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை பொய்யென்று எவர் சொல்வார்?

ஆயினும் நாம் அந்தப் பெருமைக்குத் தகுதியாக நடந்துகொள்ளவில்லை. மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கி நிற்கும் ‘திரனியன்’ என்றொரு பாகம் உண்டு. உட்புறம் புரி வெட்டப்பட்ட சிறு உலோகத் துண்டு அது. அது தேய்ந்து கழன்றால் சக்கரம் உள்ளே மடங்கிவிடும். பழையது ஆடுகிறதென்று கடையிற் கேட்டபோது இரண்டு விலை சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கு விலையுள்ளதையே நாம் தேர்ந்தோம். பளபளவென்றிருந்தது, அதுவே போதுமென்று எண்ணினோம்.

தம்பிலுவிலை அண்மித்து, மணற்பாங்கான ஒழுங்கையில் மெல்லத் திரும்பியபோது ‘கடக்’ என்றொரு ஓசை. கார் ஒரு பக்கம் முழந்தாளிட்டது. பின்னாசனத்தில் அம்மாவும் பிள்ளைகளும் இருந்தனர். எவருக்கும் காயமில்லை. சற்று முன்னர் பெருவீதியில் விரைந்து வந்ததை நினைத்ததும் கை நடுங்கிற்று.

அக்கரைப்பற்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த முதிய மெக்கானிக், உடைந்ததை அரத்தால் ஒருமுறை தேய்த்தார். வெண்ணெயிற் கத்திபோல் அரம் இறங்கிற்று. பின்னர் தம் பெட்டியிலிருந்த பழைய திரனியனைத் தேய்த்தார். அரம் வழுக்கிச் சென்றது.

“பாத்தீங்களா சேர்? விலையைக் கேட்டு வாங்காதீங்க, சாமானைப் பாத்து வாங்குங்க.”

“அப்படியென்றால் எப்போதும் பழைய ஒறிஜினலையே வாங்கலாமா, காக்கா?”

“அதுவும் பிழை. இரும்பில பழசு நல்லம். ரப்பர்ல புதுசு நல்லம். பிரேக் ரப்பர் பெட்டிக்குள்ளேயே முப்பது வருஷம் கிடந்தா காஞ்சு வெடிச்சிரும். கூடின விலையும் நம்பேலா. ஒரே சாமானை ரெண்டு பெட்டியில போட்டு விக்கிறவங்களும் இருக்காங்க.”

பிறகு எம்மை உற்று நோக்கி, “சேர், இதுக்குக் கடைசியா எப்ப கிறீஸ் அடிச்சீங்க?” என்றார்.

நாம் மௌனமானோம். ஆயிரம் மைலுக்கொரு முறை அடிக்கவேண்டுமென்று தந்தையார் சொல்லியிருந்தார். மலிவுச் சாமானின் குற்றம் பாதி. எமது சோம்பலின் குற்றம் மீதி.

“நீங்க தீர்த்தத்துக்குப் போங்க சேர், வரக்குள்ள கார் நிக்கும்” என்றார் அவர். ஓட்டோ பிடித்துச் சென்றோம். சித்திரவேலாயுதர் கடலுக்கு எழுந்தருளியபோது, தந்தையாரை நினைந்து அலையில் மூழ்கி எழுந்தோம்.

மருதமுனைச் சாரத்தை வாங்குவோர் விலையைக் கேட்குமுன் நூலை விரலால் நெருடிப் பார்ப்பர். அந்தப் புத்தி எமக்குக் காரிலே வரவில்லை. மலிவில் மிச்சம் பிடித்த பணம் அன்றைய ஓட்டோவுக்கும் பழுதுக்குமே போதவில்லை.

மாலையில் திரும்பியபோது கார் நேராக நின்றது. இப்போது ஒவ்வொரு மாதமும் முதலாம் ஞாயிறு, கிறீஸ் துப்பாக்கியுடன் காரின் கீழே நாம் படுத்திருப்பதைக் காணலாம்.