353 ரூபாய் 66 காசு

அண்ணன் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர் அனுப்பியிருந்தாள். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் நாடகம் படிக்கிறாள். 'எங்க டிபார்ட்மென்ட் சீசன், சித்தப்பா' என்று கீழே ஒரு வரி. அடுத்த மூன்று மாதத்தில் அவர்கள் போடப்போகிற நாடகங்கள். கிரேக்கத்திலிருந்து ஒன்று, ஷேக்ஸ்பியர் ஒன்று, இந்திரா பார்த்தசாரதி ஒன்று, பாட்டும் ஆட்டமுமாக ஒரு மியூசிக்கல். கடைசியில், இடம் இல்லாமல் செருகியது மாதிரி, வள்ளி திருமணம்.

நான் பி.காம். படித்தவன். போன் போட்டு முதலில் கேட்டது, ''டிக்கெட் எவ்வளவும்மா?''

''ஃப்ரீ சித்தப்பா.''

''அப்ப லைட்டு, டிரெஸ்ஸுக்கெல்லாம் யாரு காசு தர்றா?''

''யுனிவர்சிட்டிதான்.''

''நல்ல யுனிவர்சிட்டி'' என்றேன். அவள் சிரிக்கவில்லை. விஷயத்துக்கு வந்தாள். வள்ளி திருமணத்தில் அவள்தான் வள்ளியாம். ரெண்டு மணி நேரமாகச் சுருக்கியிருக்கிறார்களாம். விடிய விடிய நடக்கிற அசல் நாடகத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட்டு வா என்று அவளுடைய சார் சொல்லியிருக்கிறார்.

''நம்ம தெருவுல எப்ப சித்தப்பா போடுவாங்க?''

''நம்ம தெருவுல இப்ப போடுறதில்லம்மா. நிறுத்திட்டாங்க.''

நிறுத்திட்டாங்க. இருபது வருஷத்துக்கு மேல் பத்திரிகையில் எழுதுகிறவனுக்குப் படர்க்கையில் போய் ஒளிந்துகொள்ளவா தெரியாது? நிறுத்தினது யார் என்றால், நான்தான்.

எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். வெளியூர்க்காரர்களுக்கு ஆண்டாள் கோபுரம், பால்கோவா, அவ்வளவுதான். ஆனால் நாடகம் என்று பார்த்தால் எங்கள் ஊருக்கும் சீசன் உண்டு. மார்கழியில் ஆண்டாள் கோயிலில் அரையர் சேவை. தலையில் கூம்புக் குல்லாய், கையில் தாளம். பாசுரத்தைப் பாடி, அபிநயம் பிடித்து, அரையர் ஒருவரே தாயாகவும் மகளாகவும் குறி சொல்கிற கட்டுவிச்சியாகவும் மாறிக்கொண்டே இருப்பார். திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, எங்கள் ஊர் என்று ஒரு சில தலங்களில்தான் இது மிச்சம். மார்கழி முடிந்து, மாசி பிறந்தால் அம்மன் கோயில்களின் முறை. பெரிய மாரியம்மனுக்குப் பங்குனியில் பூக்குழி. அதை ஒட்டி சுற்றுவட்டாரத்துத் தெருக்கோயில்களில் எல்லாம் பொங்கல். பொங்கல் என்றால் ஸ்பெஷல் நாடகம்.

ஸ்பெஷல் என்றால் விசேஷமான நாடகம் என்று அர்த்தமில்லை. இதற்குக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் மதுரையில் இருப்பார். ஸ்திரீபார்ட் புதுக்கோட்டையில். பபூன் திண்டுக்கல்லில். ஆர்மோனியக்காரர் இன்னொரு ஊரில். ஒவ்வொருவரையும் தனித்தனியாக, அந்த ஒரு ராத்திரிக்கென்று ஸ்பெஷலாகப் பேசி வரவழைப்பதால் அந்தப் பெயர். ஆளாளுக்கு ஒரு பஸ் பிடித்து வந்து, கண்ணாடி முன்னால் அரிதாரம் பூசும்போதுதான் ''இன்னிக்கு நாரதர் நீங்கதானா?'' என்று பேசிக்கொள்வார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த கதையும் பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம். அந்தத் தைரியத்தில் பத்து மணிக்கு மேடை ஏறி, விடிகிறபோது வள்ளிக்குத் தாலி கட்டிவிட்டு, ஆளாளுக்கு வேறு வேறு பஸ் ஏறிப் போவார்கள். பார்ட்னர்ஷிப் பத்திரமே இல்லாத ஒரு ராத்திரி பார்ட்னர்ஷிப். எங்கள் வணிகவியல் பாடப் புத்தகத்தில் இப்படி ஒரு வகை இல்லை.

2001. ராஜபாளையத்தில் கடைசி வருஷம் பி.காம். தினம் பத்து பன்னிரண்டு கிலோமீட்டர் டவுன் பஸ்ஸில் தொங்கிப் போய் டெபிட், கிரெடிட் கற்றுக்கொண்டிருந்தேன். தெருவில் கணக்குப் படிக்கிற பையன் என்று பெயராகிவிட்டதால், கோயில் கமிட்டியின் வரவு செலவு நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் அந்த நோட்டில் 'பூ 40, தேங்காய், இதர செலவு' என்று குழம்பிக் கிடக்கும். நான் சிவப்பு மை, நீல மை, இரட்டைக் கோடு என்று தூள் கிளப்பினேன்.

அந்தப் பங்குனியில் நாடகச் செலவு மட்டும் 14,500 ரூபாய். நடிகர்கள் சம்பளம், மேடை, மைக் செட், சாப்பாடு எல்லாம் சேர்த்து. இதில் மிச்சம் பிடிக்கலாமே என்று எனக்கு அரிப்பு. நாடகத்தன்று ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்துபோய் தலைகளை எண்ணினேன். 41 பேர். அதில் பாதிப் பேர் உட்கார்ந்தவாக்கில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு 353 ரூபாய் 66 காசு.

அடுத்த வருஷம் கமிட்டிக் கூட்டத்தில் இதை எழுந்து நின்று படித்தேன். எல்லோரும் அசந்துபோனார்கள். கூடவே சட்டத்தையும் சேர்த்துக்கொண்டேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்திருந்த நேரம். ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. நம் நாடகம் தொடங்குவதே பத்து மணிக்கு! தலைவர் அண்ணாச்சி மட்டும் ஒரு கேள்வி கேட்டார். மேடையை அம்மன் சந்நிதியைப் பார்த்துத்தான் போடுவோம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, ''தம்பி, அந்த நாப்பத்தொண்ணுல அம்மனைச் சேத்தியா?''

''அம்மன் டிக்கெட் வாங்க மாட்டாங்க அண்ணாச்சி'' என்றேன். கூட்டம் சிரித்தது. 2002 பங்குனியில் பட்டிமன்றம், ஒன்பதே முக்காலுக்கு மங்களம். மிச்சம் பிடித்த பணத்தில் கோயிலுக்கு டைல்ஸ் ஒட்டினோம். டைல்ஸ் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த ராத்திரி வீட்டுக்குப் போனால், அப்பத்தா முழித்துக்கொண்டிருந்தது. இடுப்பெலும்பு முறிந்து படுத்து அப்போதே மூன்று வருஷம். ''ஏண்டா, இந்த வருஷம் நாடகம் போடலையா? குழாய்ல சத்தத்தையே காணோமே?''

தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டுக்கு நேரே வேப்பமரத்தில்தான் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். படுத்த படுக்கையாக இருந்த அந்த மூன்று வருஷமும் அப்பத்தா நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கத்தை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறது. காலையில் காபி கொடுக்கப் போகும் அம்மாவிடம், ''ராத்திரி நாரதரு சரியில்ல, வள்ளிதான் தூக்கி நிறுத்துனா'' என்று விமர்சனம் வேறு வரும். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் எண்ணின தலையில் அது இல்லை. குட்வில் என்று எங்கள் பாடத்தில் ஒரு சொத்து உண்டு, கண்ணுக்குத் தெரியாத சொத்து. அதில் நான் நல்ல மார்க்.

''கமிட்டியில நிறுத்திட்டாங்க அப்பத்தா'' என்றேன். அப்போதே அந்தப் படர்க்கை. அடுத்த பங்குனி வருவதற்குள் அப்பத்தா போய்ச் சேர்ந்துவிட்டது.

அண்ணன் மகளிடம் இவ்வளவையும் போனில் சொல்ல முடியுமா? ''வா, வேற ஊர்ல பாக்கலாம்'' என்றேன். ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அய்யனார் கோயில் ஆற்றுப் பக்கம் ஒரு கிராமம். கல்லூரி நண்பன் ஒருவன் சொந்தக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். இந்த வருஷமும் வள்ளி திருமணம் உண்டு என்று விசாரித்துச் சொன்னான்.

காரில் போகும்போது அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். சங்கரதாஸ் சுவாமிகள், 1867-இல் தூத்துக்குடியில் பிறப்பு. 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபை. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. 1922-இல் புதுச்சேரியில் மறைவு, கருவடிக்குப்பத்தில் சமாதி. அந்தப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலேயே அவர் பெயரில் நிகழ்கலைப் பள்ளி. இந்திரா பார்த்தசாரதி அதைத் தொடங்கி நடத்தியவர். 1977-இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறை, பிற்பாடு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை, சே.ராமானுஜம்... மூச்சு விடாமல் சொன்னாள். பத்து மார்க் கேள்விக்குப் பதில் எழுதிய வேகம்.

''விஸ்வநாத தாஸைப் படிச்சியா?'' என்று கேட்டேன்.

''பேரு கேள்விப்பட்டிருக்கேன்.''

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நம் ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர்தான் சிவகாசி. 1886-இல் அங்கே பிறந்தவர். முடிதிருத்தும் மருத்துவர் சமூகம். குரலுக்கு ஜனம் கட்டுண்டு கிடந்த காலத்திலேயே, சாதியைச் சொல்லி அவரோடு ஜோடியாக மேடை ஏற மாட்டோம் என்ற நடிகைகள் உண்டு. ஏறியவர்களில் ஒருவர் கே.பி.ஜானகி அம்மாள். பிற்காலத்தில் மார்க்சிஸ்ட் கட்சியில் எம்.எல்.ஏ.வாக இருந்தாரே, அவரேதான். வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற கட்டம் வருமில்லையா? அந்த இடத்தில் மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டு. கொக்கின் நிறம் வெள்ளை என்பதுதான் விஷயமே. ஜனங்களுக்குப் புரிந்தது. வெள்ளைக்காரப் போலீசுக்கும் புரிந்தது. மேடையிலிருந்தே பிடித்துக்கொண்டு போவார்கள். விடுதலையாகி வந்து அடுத்த ஊரில் அதே பாட்டு. 1940 டிசம்பர் 31, சென்னை ராயல் தியேட்டர். முருகன் வேஷத்தில் மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோது உயிர் போய்விட்டது.

அவள் கொஞ்ச தூரம் பேசவில்லை. பிறகு, ''எங்க ரெண்டு மணி நேர ஸ்கிரிப்ட்ல அந்தப் பறவை விரட்டுற சீனைத்தான் சித்தப்பா கட் பண்ணியிருக்காங்க'' என்றாள். நானும் பேசவில்லை. கட் பண்ணுகிறவர்களைப் பற்றிக் கருத்து சொல்ல எனக்கு யோக்கியதை ஏது?

கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. பபூனும் டான்ஸ் நடிகையும் வாய்ச்சண்டையில் இருந்தார்கள். முன்வரிசையில் சின்னப் பசங்க, பின்னால் பாய் விரித்துப் பெண்கள், அதற்கும் பின்னால் பைக் மேல் உட்கார்ந்து இளவட்டங்கள். பபூன் செல்போனையும் மாமியாரையும் மாற்றி மாற்றி வைத்து அடித்துக்கொண்டிருந்தார். சில ஜோக்குகள் வீட்டுப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி இல்லை. நான் நெளிந்தேன். அவள் நோட்டில் குறிப்பு எடுத்தாள்.

பன்னிரண்டரைக்கு மேல் கதை ஆரம்பித்தது. இடைவேளை மாதிரி கிடைத்த நேரத்தில் மேடைக்குப் பின்னால் போனோம். ஆர்மோனியக்காரருக்கு அறுபது இருக்கும். சீசன் எப்படி என்று கேட்டேன். ''மாசியில புடிச்சா வைகாசி வரைக்கும் ஓடும் தம்பி. மழை வந்துட்டா வீட்லதான். இந்த நாலு மாசக் காசுதான் வருஷத்துக்கே.'' 2020-இல் ஊரடங்கு சரியாகப் பங்குனியில் வந்தது. 2021 சித்திரையில் இரண்டாம் அலை. அடுத்தடுத்து ரெண்டு சீசன் போனது. அவர் பெட்டியை விற்கவில்லை, சம்சாரத்தின் தோட்டை விற்றாராம்.

''இது ரெண்டு மணி நேரத்துக்கு வள்ளியா நடிக்கப் போகுது'' என்று இவளைக் காட்டினேன். அவர் கிண்டல் பண்ணுவார் என்று நினைத்தேன். ''எந்த சுதிம்மா பாடுவ?'' என்று மட்டும் கேட்டார். அவள் சொன்னாள். ''சரியாத்தான் இருக்கு. நாரதர் கேள்வி கேக்கும்போது அவர் மூஞ்சியப் பாக்காத, வார்த்தையப் புடி'' என்றார்.

மூணு மணி. வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் மோதிக்கொண்டிருந்தார்கள். இந்த ரெண்டு பேரும் அன்று சாயங்காலம்தான் முதல்முதலாகச் சந்தித்தவர்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பழக்க தோஷம், தலையை எண்ணினேன். அறுபது தேறும். ஓரத்தில் ஒரு பையன் செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி யூடியூபில் லைவ் விட்டுக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். 212 பேர். மஸ்கட்டிலிருந்து ஒருவர் 'வள்ளி குரல் சூப்பர்' என்று போட்டிருந்தார். இந்த ஊரில் குழாய் கட்ட இப்போது அனுமதி இல்லை, பெட்டி ஸ்பீக்கர்தான். அதுவும் சத்தம் குறைத்து.

கையில் நோட்டோடு கமிட்டிப் பையன் வந்தான். காதில் பேனா. ''அண்ணே, அன்பளிப்பு ஏதாச்சும்?'' கோடு போட்டு, சிவப்பு மை, நீல மை எல்லாம் இருந்தது. பி.காம்.தானே என்று கேட்டேன். பி.காம். சி.ஏ.வாம்.

ஐந்நூறு ரூபாயை நீட்டினேன்.

''யார் பேர்லண்ணே?''

''அப்பத்தான்னு எழுதிக்க. ஸ்ரீவில்லிபுத்தூர்.''

''இனிஷியல்?''

''இனிஷியல் வேண்டாம்.''

மைக்கில் அப்படியே படித்துவிட்டான். ''ஸ்ரீவில்லிபுத்தூர் அப்பத்தா அவர்கள் அன்பளிப்பு ரூபாய் ஐந்நூறு.'' அண்ணன் மகள் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். மேடையில் நாரதர் தர்க்கத்தைப் பாதியில் விட்டு, கூட்டத்துக்குப் பின்னால் இருட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். ''அப்பத்தா நல்லா இருக்கணும். இவ்வளவு நேரம் முழிச்சிருந்து கேக்குறீங்களே'' என்று சொல்லிவிட்டு, வள்ளி பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து கேள்வியைத் தொடங்கினார்.